திரையும் தாளும்: படக்கதைப் பதிப்பைத் தேர்ந்துகொள்ளும் நெறி



முன்னுரை

இலக்கிய அவையில் படக்கதையைப் பேசுபொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் தமிழகத்தில் நூல் வாசிப்பைத் தொடங்கியவர்களுள் பலர், எழுத்துக் கூட்டிப் படித்த முதல் நூல் படக்கதையாகவே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-இல் தோன்றிய நாயகனே தமிழில் அப்பெயர் பெற்றான். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தொடங்கின. பள்ளிப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த இதழ்கள் இவை. அட்டை கிழிந்தும் கதை கிழியாமல் பல வீடுகளின் பரண்களில் அவை இன்றும் கிடக்கின்றன.

இன்று படக்கதை வாசகர் முன் இருவழிகள் உள்ளன. ஒன்று அச்சுப்பதிப்பு, மற்றொன்று மின்பதிப்பு. விலை, வசதி, இடம் என்னும் மூன்றை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு இத்தேர்வைச் செய்வோர் பலர். அவை வேண்டிய அளவுகோல்களே. ஆயினும் போதிய அளவுகோல்கள் அல்ல. படைப்பின் வடிவம் எதற்கென அமைந்தது, வாங்கிய படி யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்னும் இரு வினாக்களே இத்தேர்வில் முதன்மை பெறத்தக்கவை. அவ்விரண்டையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பக்கம் என்னும் அலகு

செய்யுளுக்கு அடியும் தொடையும் எவ்வாறு உறுப்புகளோ, அவ்வாறே படக்கதைக்குக் கட்டமும், கட்டங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடமும், பக்கமும் உறுப்புகளாகும். ஒரு கட்டத்தில் ஓங்கிய கை தெரிகிறது. அடுத்த கட்டத்தில் வீழ்ந்த உடல் தெரிகிறது. இடையில் நிகழ்ந்த அடியை ஓவியர் வரையவில்லை; வாசகரே தம் மனத்தில் நிகழ்த்திக்கொள்கிறார். அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993-இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் இந்நிகழ்வைப் படக்கதைக் கலையின் உயிர்நிலையாக விளக்கினார். அந்நூலும் படக்கதை வடிவிலேயே அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கட்டத்தை அடுத்த பேரலகு பக்கம். நல்ல ஓவியர் கட்டம் கட்டமாக மட்டும் சிந்திப்பதில்லை. பக்கம் முழுவதையும் ஒரே நோக்கில் அமைக்கிறார். வின்சர் மக்கே என்பார் 1905-ஆம் ஆண்டு முதல் ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ‘லிட்டில் நீமோ’ என்னும் சிறுவனின் கனவுகளை வரைந்தார். 1908-இல் வந்த ஒரு பக்கத்தில் சிறுவனின் கட்டிலுக்குக் கால்கள் நீண்டு வளர்கின்றன. அது நகரத்தின் கட்டடங்களைத் தாண்டி நடக்கிறது. கால்கள் வளர வளரக் கட்டங்களின் உயரமும் வளர்கிறது. பக்கம் முழுவதும் கண்முன் விரிந்தால்தான் அவ்வளர்ச்சி தெரியும். கட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினால் கட்டில் நடக்கும், ஆனால் வளராது.

மற்றொரு சான்றும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’ என்னும் படக்கதை, பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்னும் சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் ஐந்தாம் இதழில் முதற் பக்கத்தின் அமைப்புக் கடைசிப் பக்கத்திலும், இரண்டாம் பக்கத்தின் அமைப்பு அதற்கு முந்திய பக்கத்திலும் கண்ணாடியிற் போலத் திரும்பி வருகின்றன. இதழின் நடுவே எதிரெதிராக விரியும் இரு பக்கங்களே அவ்வமைப்பின் அச்சு. மாலைமாற்று, சித்திரகவி ஆகியவற்றைக் கற்ற தமிழ் மாணவருக்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும். தாளை முன்னும் பின்னும் புரட்டி ஒப்பிட்டால்தான் அதன் முழுப்பயன் கிட்டும்.

இனி, திரையில் இவை என்னவாகின்றன என்பதைக் காண்போர் அளவுகளையும் கருத வேண்டும். அமெரிக்க மாத இதழின் பக்கம் ஏறத்தாழ 6⅝ அங்குல அகலமும் 10¼ அங்குல உயரமும் உடையது. பத்தங்குல டேப்லெட்டில் அது சற்றே சுருங்கித் தோன்றும். படிப்பதற்கு இடர் இல்லை. பிரெஞ்சு, பெல்ஜியப் படக்கதை நூல்களின் பக்கம் இதனினும் பெரிது. ஆதலால் சுருக்கமும் மிகுதி. இருபக்க ஓவியமோ பாதியாகக் குறுகும். கைப்பேசியில் பக்கம் முழுவதையும் காட்டினால் வசன எழுத்துகள் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிடும்.

தமிழ்ப் பதிப்புக்கு இவ்விடர் இன்னும் கூடுதல். ஆங்கிலத்துக்கோ இத்தாலிய மொழிக்கோ அளந்து வரைந்த வசனக் குமிழுக்குள் நீண்ட தமிழ்ச் சொற்களை அடைக்க வேண்டியுள்ளது. அதனால் எழுத்தின் அளவு தாளிலேயே குறைந்துவிடுகிறது. அதனைக் கைப்பேசிக்கு மேலும் குறுக்கினால், மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் கால்களும் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

இவ்விடரைத் தீர்க்கவே கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறை தோன்றியது. அமெரிக்காவில் 2007-இல் நிறுவப்பெற்ற காமிக்ஸாலஜி என்னும் மின்பதிப்பு நிறுவனம் இம்முறையைப் பரவலாக்கியது. திரையைத் தொடுந்தோறும் அடுத்த கட்டம் நகர்ந்து வந்து நிற்கும். இம்முறையால் விளைந்த நன்மையும் உண்டு. தாளில் கண் தன்னையறியாமல் அடுத்த கட்டத்தின் முடிவைக் கண்டுவிடும். ஆதலின் திடுக்கிடச் செய்யும் காட்சியைப் பக்கம் புரட்டிய பின் வருமாறு ஓவியர் ஒளித்து வைப்பார். கட்டமுறையிலோ ஒவ்வொரு கட்டமும் ஒளிந்தே நிற்கிறது. எனினும் பக்கத்தின் கட்டுக்கோப்பு இங்கே குலைகிறது என்பதே உண்மை. கோபுரத்தைச் சிற்பம் சிற்பமாகப் பார்ப்பது ஒரு காட்சி. எட்ட நின்று முழுமையாகப் பார்ப்பது மற்றொரு காட்சி. பின்னதற்கு முன்னது ஈடாகாது.

திரைக்கென்றே பிறந்தவை

அவ்வாறாயின் தாளே என்றும் சிறந்தது என முடிவுகட்டிவிடலாமா எனின், அதுவும் பொருந்தாது. திரைக்கென்றே பிறந்த படக்கதைகள் இன்று பல உள. மெக்லவுட் 2000-இல் வெளியிட்ட மற்றொரு நூலில், திரை என்பது பக்கம் அன்று, எல்லையற்ற வெளியைக் காணும் சாளரமே எனக் கருதலாம் என்னும் கொள்கையை முன்வைத்தார். தென்கொரியாவில் அக்கொள்கைக்கு நிகரான வடிவம் வேறொரு வழியில் தழைத்தது. அங்கு 2003-இல் டாம் நிறுவனமும் 2004-இல் நேவர் நிறுவனமும் ‘வெப்டூன்’ எனப்படும் படக்கதைகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கின. மேலிருந்து கீழாக விரலால் தள்ளிப் படிக்கும் வகையில் அவற்றின் வடிவம் நிலைபெற்றது. இவற்றில் பக்கம் என்பதே இல்லை. கட்டங்களுக்கு இடையே விடும் வெற்றிடத்தின் நீளமே காலத்தைக் காட்டுகிறது. ஒருவன் கிணற்றில் விழுகிறான் எனின், வெற்றுக் கருமையை நெடுந்தொலைவு தள்ளிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் ஆழம் விளங்கும்.

இத்தகைய படைப்பை அச்சில் கொணரும்போது இழப்பு மறுபக்கம் நேர்கிறது. 2018-இல் இணையத்தில் தொடங்கிய ரேச்சல் ஸ்மைத் என்பாரின் ‘லோர் ஒலிம்பஸ்’ 2021 முதல் அச்சு நூலாகவும் வந்தது. நீண்டு ஓடிய வெளியைத் துண்டு துண்டாக வெட்டித் தாளின் சட்டகத்துக்குள் அடுக்க வேண்டியதாயிற்று. ஓவியத்தின் அழகு நிற்கும். வீழ்ச்சியின் ஓட்டம் நில்லாது. ஆகவே, தாளுக்கென வரைந்ததைத் திரையில் படிப்பதும், திரைக்கென வரைந்ததைத் தாளில் படிப்பதும் ஒருவகையில் மொழிபெயர்ப்பையே படிப்பதாகும். மொழிபெயர்ப்பைப் படிப்பது குற்றமன்று. மூலத்தைப் படித்துவிட்டதாக எண்ணுவதே பிழை.

வடிவத்துக்கு இடைநிலையாக நிற்பவையும் உள. ஜப்பானிய ‘மங்கா’ படக்கதைகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், சிறிய பக்க அளவில் வருவன. ஆகவே அவை திரைக்கு ஓரளவு இயல்பாகவே பொருந்துகின்றன. 2017-ஆம் ஆண்டில் ஜப்பானில் படக்கதை மின்பதிப்புகளின் விற்பனை ஏறத்தாழ 17,110 கோடி யென்னை எட்டி, 16,660 கோடி யென்னாக இருந்த அச்சு நூல்களின் விற்பனையை முதன்முறையாக விஞ்சியது. படக்கதையைத் தேசியக் கலையாகப் போற்றும் நாட்டிலேயே இம்மாற்றம் நிகழ்ந்தமையால், மின்பதிப்பை வெறும் நாகரிக மோகம் என ஒதுக்க இயலாது.

மின்பதிப்பின் பயன்கள்

நடுநிலையோடு நோக்குவார்க்கு மின்பதிப்பின் பயன்கள் பல. கண்ணொளி குன்றியவர் எழுத்தையும் ஓவியத்தையும் வேண்டிய அளவு பெரிதாக்கிப் படிக்கலாம். கடல்கடந்து வாழும் வாசகர், நூலின் விலையினும் மிகுந்த அஞ்சற் செலவைத் தவிர்க்கலாம். ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கு நூறு நூல்களை வைக்கும் அலமாரி எளிதில் கிட்டும் பொருளன்று. மறுபதிப்பு இல்லாது போன நூலுக்கு மின்படியே பலருக்கும் வாயிலாக அமைகிறது.

தாளின் குறைகளையும் மறைக்கலாகாது. பழைய படக்கதைகள் பெரும்பாலும் செய்தித்தாளுக்குரிய மலிவான தாளில் அச்சாயின. மரக்கூழில் எஞ்சிய பொருளாலும் அமிலத்தாலும் அத்தாள் பழுப்பேறும். பின்னர் மடிப்பில் முறியும். கரையானும் ஈரமும் தம் பங்கைச் செய்யும். 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேதியிட்டுப் பத்து சென்ட் விலையில் வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில்தான் சூப்பர்மேன் தோன்றினான். அவ்விதழின் படிகள் இன்று அரிதினும் அரிது. படித்தபின் எறிந்துவிடும் பண்டமாகவே மக்கள் அதனைக் கருதினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய தாள்களைத் திரட்டிய இயக்கங்களிலும் எண்ணற்ற படக்கதைகள் அழிந்தன. காப்புரிமை நீங்கிய அக்காலப் படக்கதைகள் பலவற்றை ஆர்வலர்கள் ஒளிவருடி இணையத்தில் எவரும் படிக்க வைத்துள்ளனர். அப்பணி இல்லையேல் அவற்றைச் செல்வர் சிலரே காண இயலும்.

பாடவேறுபாடு என்னும் சிக்கல்

சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் காணும் மரபுடையது தமிழ். அம்மரபில் பயின்றோர்க்கு உடனே தோன்றும் வினா ஒன்று உண்டு: திரையில் தெரிவது எந்தப் பதிப்பு? 1988-இல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த ‘தி கில்லிங் ஜோக்’ என்னும் பேட்மேன் கதைக்கு ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டினார். 2008-இல் வந்த சிறப்புப் பதிப்பில் போலண்ட் தாமே வண்ணம் அனைத்தையும் மாற்றியமைத்தார். பளிச்சிட்ட நிறங்கள் அடங்கின; சில காட்சிகளின் உணர்வே வேறாயிற்று. இரண்டுள் எது சிறந்தது என்பதில் வாசகர் கருத்து வேறுபடலாம். இரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்பதில் ஐயமில்லை.

அச்சுநூல் தன் ஆண்டைத் தன்னிடமே தாங்கி நிற்கிறது. முதற்பதிப்பின் படியை வைத்திருப்பவரிடமிருந்து அதன் பாடத்தை எவரும் மாற்றிவிட முடியாது. மின்படியோ விற்றவரின் கணினியிலிருந்து புதுப்பிக்கத்தக்கது. 2023-இல் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் பதிப்பாளர் சொற்களை மாற்றியபோது, முன்னரே மின்னூல் வாங்கியிருந்த சிலரின் படிகளும் தாமாகவே மாறின எனச் செய்தி வெளியானது. திருத்தம் நல்லதா தீயதா என்பது வேறு வழக்கு. வாசகரின் அலமாரியில் இருந்த நூல் அவரைக் கேளாமலே மாறக்கூடும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

உடைமையும் உரிமமும்

இவ்வுரையின் நடுநாயகமான செய்தி இதுவே. கடையில் ஒரு படக்கதையை விலைகொடுத்து வாங்கியவர் அதனை நண்பருக்கு இரவல் தரலாம். பழைய புத்தகக் கடையில் விற்கலாம். பேரப்பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். விற்பனையாகிப் புழக்கத்துக்கு வந்துவிட்ட படியின்மேல் பதிப்பாளருக்கு அவ்வகை ஆட்சி இல்லை என்பதை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1908-லேயே ஏற்றது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளை விலக்கியே, படிகளை வெளியிடும் உரிமையை வரையறுக்கிறது. மூர்மார்க்கெட் போன்ற பழைய புத்தகச் சந்தைகள் தழைத்ததும், பள்ளிப் பிள்ளைகள் ஒரே இதழைப் பத்துப் பேர் படித்ததும் இவ்வுரிமையின் பயனே.

மின்பதிப்பில் பெரும்பாலும் விற்கப்படுவது நூல் அன்று. படிக்கும் உரிமம் மட்டுமே. கடையில் ‘வாங்குக’ என எழுதியிருக்கும். ஒப்பந்தத்தின் நுண்ணெழுத்தில் ‘உரிமம்’ என எழுதியிருக்கும். இம்மயக்கத்தை உணர்ந்தே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. விற்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் ‘வாங்குக’ போன்ற சொற்களை மின்பொருள் விற்பனையில் ஆளக்கூடாது என்னும் அச்சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் முன்வர நேர்ந்தது, சொல்லாய்வு செய்வோர் எண்ணிப் பார்க்கத்தக்க நிகழ்ச்சி.

உரிமம் என்பது நடைமுறையில் எவ்வாறு முடியும் என்பதற்கு வரலாறு சான்றளிக்கிறது. 2009-இல் அமேசான் நிறுவனம் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நூலின் ஒரு மின்பதிப்பை உரிமைச் சிக்கலால் வாசகர்களின் கருவிகளிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பியளித்தது. படக்கதை உலகில் நிகழ்ந்தது இதனினும் கடுமை. ஜப்பானியப் பதிப்பாளர் பலரின் ஆதரவோடு 2011-இல் தொடங்கிய ஜேமங்கா என்னும் தளம், மங்காவின் ஆங்கில மின்பதிப்புகளை உலக வாசகர்க்கு விற்றது. 2013 மார்ச்சில் அது மூடப்படுவதாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாத இறுதியோடு, பணங்கொடுத்துப் பெற்ற படக்கதைகளையும் வாசகர் திறக்க இயலாமற் போயிற்று. அவற்றுள் வேறெங்கும் ஆங்கிலத்தில் வெளிவராத கதைகளும் இருந்தன.

மேலே குறித்த காமிக்ஸாலஜியின் கதையும் அறியத்தக்கது. 2014-இல் அமேசான் அதனை வாங்கியது. அதே ஆண்டில், சில பதிப்பகங்களின் நூல்களைப் பூட்டு இல்லாத கோப்புகளாக இறக்கிச் சேமித்துக்கொள்ளும் வசதியும் வாசகருக்குக் கிடைத்தது. 2022-இல் அதன் கடை அமேசானோடு இணைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் அதன் தனிச் செயலியும் நிறுத்தப்பட்டு, நூல்கள் கிண்டில் செயலிக்கு மாற்றப்பட்டன. 2025 பிப்ரவரியில், கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கருவிக்கு மாற்றும் வழியையும் அமேசான் மூடியது. இங்கு நூல்கள் அழிந்துவிடவில்லை. ஆனால் வைக்கும் இடம், படிக்கும் முறை, சேமிக்கும் வழி ஆகிய மூன்றும் வாசகரின் விருப்பத்தைக் கேளாமலே மாறின. வீட்டுக்காரர் சாவியை மாற்றும்போது குடியிருப்பவர் படும் நிலையே இது.

பூட்டுடைய கோப்பு, பூட்டில்லாத கோப்பு என்னும் வேறுபாடு இங்கே மிக முதன்மையானது. 2013-இல் இமேஜ் காமிக்ஸ் என்னும் அமெரிக்கப் பதிப்பகம் தன் நூல்களைப் பிடிஎஃப் முதலிய வடிவங்களில் பூட்டின்றி நேரடியாக விற்க முன்வந்தது. அவ்வாறு பெற்ற கோப்பை வாசகர் தம் கணினியிலும் தனி வன்தட்டிலும் படியெடுத்து வைக்கலாம். விற்றவர் கடையை மூடினாலும் அது திறக்கும். இரவல், மறுவிற்பனை ஆகிய உரிமைகள் தாளுக்கு உள்ளதுபோல் அதற்கு இல்லை எனினும், நிலைபேற்றில் அது அச்சுநூலுக்கு அண்மையில் நிற்கிறது. ஆகவே தாளுக்கும் திரைக்கும் இடையிலான வேறுபாட்டினும், சாவி யார் கையில் உள்ளது என்னும் வேறுபாடே பெரிது எனல் பொருந்தும்.

தமிழ்ச் சூழல்

தமிழ்ப் படக்கதைக்கு இவ்வினா தனிக்கூர்மை உடையது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயனும் முத்துவும் இடையில் தளர்ந்து, 2012-இன் தொடக்கத்தில் புத்துயிர் பெற்று, வண்ணத்திலும் உயர்ந்த தாளிலும் வெளிவரத் தொடங்கின. முன்னர்க் கறுப்பு வெள்ளையில் தமிழ் வாசகர் கண்ட ‘கேப்டன் டைகர்’ என்னும் பிரெஞ்சு நாயகன் புளூபெர்ரியின் நெடுங்கதை, ‘மின்னும் மரணம்’ என்னும் பெயரில் 2015-இல் முன்பதிவின் பேரில் ஒரே பெருந்தொகுப்பாக வண்ணத்தில் வந்தது. வழிநூலின் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. ஒரே கதை கறுப்பு வெள்ளையிலும் வண்ணத்திலுமாக இருமுறை தமிழில் வந்தமை, வழிநூலுக்கும் பதிப்பு வரலாறு உண்டு என்பதைக் காட்டுகிறது.

இத்தகைய சிறு பதிப்பகங்கள் சந்தாவையும் முன்பதிவையும் நம்பி வாழ்வன. வெளிநாட்டு உரிமத்துக்குப் பணம் கட்டி, மொழிபெயர்த்து, அச்சிட்டு, அஞ்சலில் அனுப்பும் தொழிலில், ஒவ்வொரு வாசகரும் வாங்கும் ஒவ்வொரு படியும் அடுத்த நூல் வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. இசைவு பெறாமல் ஒளிவருடி இணையத்தில் பரப்பும் கோப்பைப் படித்துவிட்டு, மின்பதிப்பே தம் தேர்வு எனக் கூறுவது தேர்வாகாது. பதிப்பே நின்றுவிட்ட, எங்கும் கிடைக்காத பழைய இதழைக் காப்பதற்காகப் படியெடுத்து வைப்பது வேறு. சென்ற மாதம் வந்த நூலை இலவசமாகப் பரப்புவது வேறு. முன்னது சுவடி காத்தல். பின்னது விளைந்த வயலில் மாடு மேய்த்தல்.

படியெடுத்தோம், இனிப் பழையது எதற்கு என எண்ணுவோரும் உள்ளனர். ஊடகம் மாறும் காலத்தில் இவ்வெண்ணம் எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதைத் தமிழுலகம் ஒருமுறை கண்டுள்ளது. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது கேட்ட செய்திகளைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கூறினர். பொருநைக் கரையில் ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியும் அவருக்கு எட்டியது. பழுதுற்ற ஏட்டைப் படியெடுத்த பின்னரே நீரில் விடுவது தொடக்க கால வழக்கம் என்பர். பிற்காலத்தில் படியெடுத்தல் நின்றது. நீரில் விடுதல் மட்டும் எஞ்சியது. அலமாரியைக் காலி செய்யும் பொருட்டுப் பழைய படக்கதைகளை எடைக்குப் போடும் இற்றை வழக்கமும் அவ்வாறே முடியலாகாது. ஒளிவருடிய கோப்பில் கட்டமும் வசனமும் வரலாம். தாளின் தன்மை, அச்சு மையின் நிறம், வாசகர் கடிதப் பக்கம், விளம்பரம், விலை ஆகியன எல்லாக் கோப்புகளிலும் வருவதில்லை. நாளைய ஆய்வாளர் தேடப்போவன அவையும்தாம்.

தேர்வுக்குரிய வினாக்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு படக்கதையை வாங்கும் முன் வாசகர் தமக்குள் கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் நான்கு எனலாம்.

முதலாவது, இது பக்கத்துக்கென வரைந்ததா, திரைக்கென வரைந்ததா? பெரும்பக்க ஓவியமும் இருபக்க விரிவும் உடையதாயின் தாளே தக்கது. மேலிருந்து கீழ் ஓடுவதாயின் திரையே தக்கது.

இரண்டாவது, இதனை ஒருமுறை படித்து அமைவதா, மீண்டும் மீண்டும் எடுப்பதா? நெடுந்தொடரின் இயல்பை அறிந்துகொள்ள மின்பதிப்பில் சில பகுதிகளைப் படித்தல் சிக்கனமான வழி. மனத்தில் நிலைத்ததை அச்சில் வாங்குதல் நன்று.

மூன்றாவது, மின்பதிப்பாயின் அதன் சாவி யாரிடம் உள்ளது? பூட்டில்லாத கோப்புக் கிடைக்குமாயின் அதனையே தேர்க. கிடைக்காதாயின், கொடுக்கும் பணம் வாடகைப் பணம் என்னும் தெளிவோடு கொடுக்க வேண்டும். வாடகைக்குரிய விலையா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, இது அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்ல வேண்டியதா? ஆம் எனின், தாளில் ஒரு படி வீட்டில் இருத்தல் வேண்டும். அமிலமற்ற உறை, வெயில் படாத இடம், ஈரமற்ற அலமாரி ஆகிய மூன்றும் அமைந்தால் மலிவான தாளும் நெடுங்காலம் நிற்கும்.

முடிவுரை

1972-இல் வாங்கிய ‘இரும்புக்கை மாயாவி’யின் படி ஒன்று கரையானுக்குத் தப்பியிருக்குமாயின், இன்றும் அதனை எவரும் திறந்து படிக்கலாம். அதற்கு மின்சாரம் வேண்டா, கடவுச்சொல் வேண்டா, எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டா. 2012-இல் ஜேமங்காவில் பணங்கொடுத்துப் பெற்ற படக்கதையை, அதனைப் பெற்றவரே அடுத்த ஆண்டில் படிக்க இயலவில்லை. நாற்பது ஆண்டு மூத்த மலிவுத் தாள் நிலைத்தது. புதுமையான திரைப்படி நிலைக்கவில்லை. தாளின் வலிமையைக் காட்டிலும், கைக்கு வந்த பொருள் கைக்குரியது என்னும் நெறியின் வலிமையே இதற்குக் காரணம்.

திரையை வெறுக்க வேண்டுவதில்லை. அதன் பயனைத் துய்க்கலாம். மின்பதிப்பு விற்போரிடம், பூட்டில்லாத கோப்பைத் தருக என்று வாசகர் கேட்க வேண்டும். அச்சிடும் சிறு பதிப்பகங்களைச் சந்தா செலுத்திக் காக்க வேண்டும். நூலகங்கள் படக்கதையைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்காமல், திருக்குறள் பதிப்புகளைத் திரட்டுவதுபோல் முறையாகத் திரட்ட வேண்டும். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் தன் நூலகத்தில் தமிழ்ப் படக்கதைகளுக்கென ஓர் அடுக்கை ஒதுக்குமாயின், உறுப்பினர்களின் பரண்களில் கிடப்பவை ஒளி பெறும். இருபதாம் ஆண்டு விழாவுக்கு வரும் இளைஞரும் அவற்றைப் புரட்டிப் பார்ப்பர்.